அந்த மிரட்டலுக்குக் கூர் தீட்டிக் கொடுக்காதீர்கள்

எங்கள் பல்லாவரம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாத மடலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கல்லூரி வளாகப் பாதுகாப்பு பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். மாணவிகள் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு நான்கு கோரிக்கைகள்: எல்லோருக்கும் ஐ.டி. கார்டு, கூடுதல் கேமரா, ஆணும் பெண்ணும் தனியே உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குத் தகவல், மாலை 6.30 மணிக்கு மேல் மாணவிகள் வளாகத்தில் நடமாடத் தடை. இதைத் தீர்மானமாக்கி, தாம்பரம் வரை உள்ள கல்லூரிகளுக்குக் கடிதம் அனுப்பப் போகிறார்களாம்.

முதல் இரண்டில் எனக்குச் சண்டையில்லை. கார்டும் இருக்கட்டும், கேமராவும் இருக்கட்டும். மற்ற இரண்டும் பாதுகாப்பு என்ற பெயரில் வரும் ஆபத்து.

அவர் வாதம் முழுக்க அண்ணா பல்கலைக்கழக வழக்கின் மேல் நிற்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அதே பல்கலைக்கழகத்தின் வளாகம்தான் என்பதால் நம் பக்கத்துப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேராசிரியர் அந்த வழக்கைப் படித்ததாகத் தெரியவில்லை. கேள்விப்பட்டதோடு எழுத உட்கார்ந்துவிட்டார். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி வளாகத்துக்குள் நண்பனோடு இருந்த மாணவியை, வெளியிலிருந்து புகுந்த ஒருவன் மடக்கினான். நண்பனை அடித்து விரட்டினான். அந்தப் பெண்ணை அவன் எதைக் காட்டிப் பணிய வைத்தான் தெரியுமா? இருவரும் சேர்ந்திருந்ததை செல்போனில் எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னான். அதைக் கல்லூரியில் காட்டுவேன், டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்கும் போகும் என்று மிரட்டினான்.

ஐயா, இப்போது உங்கள் மூன்றாவது கோரிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியே உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குத் தகவல் என்கிறீர்கள். அவன் மிரட்டியதும் அதைச் சொல்லித்தான். அவன் பொய்யாக உருட்டிய மிரட்டலை நீங்கள் கல்லூரி விதியாகவே எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். நாளைக்கு இன்னொருவன் சுவரேறிக் குதித்து வந்தால் அவன் பொய் சொல்லக்கூடத் தேவையிருக்காது.

நான்காவது கோரிக்கையின் கதையும் இதுதான். 6.30க்கு மேல் நடமாடத் தடை என்றால், 7 மணிக்குத் தாக்கப்பட்ட பெண் எந்த முகத்தோடு போய்ப் புகார் கொடுப்பாள்? வாயைத் திறந்தால் முதலில் மாட்டுவது அவள். அண்ணா பல்கலைக்கழக மாணவி மறுநாளே புகார் கொடுத்தாள். டிசம்பர் 25 அன்று ஆள் கைதானான். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் 11 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது; ஜூன் 2 அன்று குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதம். ஒரு பெண் பயப்படாமல் போய்ச் சொன்னதில்தான் இது தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சமூகம் என்ன செய்தது? எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து அவள் விவரங்கள் கைக்குக் கை போயின. அது எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவளைக் குறை சொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது; பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரின் கையில் விசாரணையை ஒப்படைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகு, அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள் என்று மூன்று பக்கம் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இருட்டுதான் காரணம் என்கிறீர்கள். 2018 மார்ச் 9 அன்று கே.கே.நகரில் கல்லூரி வாசலிலேயே ஒரு மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். பட்டப்பகல். பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன் மேல் அவள் முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தாள். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ஸ்டேஷனில் கல்லூரிக்குப் போகக் காத்திருந்த மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றதும் பகலில்தான். பல்லாவரத்தில் ஏறி கிண்டிக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளும் தினமும் தாண்டிப் போகிற ஸ்டேஷன் அது.

வெளியாள்தான் ஆபத்து என்பதும் அரைகுறைப் பேச்சு. அருப்புக்கோட்டை வழக்கில் மாணவிகளைத் தவறான வழிக்கு போனில் அழைத்தது அவர்களின் பேராசிரியை. 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்து ஆண்டு சிறை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் 2023இல் மாணவிகள் தரையில் உட்கார்ந்து போராடியது பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் புகார் சொல்லித்தான். வேலியே பயிரை மேயும் இடத்தில் எந்த கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?

என் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கி இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். லேப் முடிந்து வரும் வழியில் ஒரு விளக்குக் கம்பம் மாதக்கணக்கில் எரியவில்லை. அந்த வளைவில் யாரோ ஒருவன் தினமும் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறான் என்று பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாள். “அந்தப் பக்கம் உனக்கென்னம்மா வேலை?” என்று கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டு கேட்டுக்கு வந்தால் வாட்ச்மேன் நீளமான நோட்டை நீட்டினார். பெயர், துறை, நேரம், தாமதத்துக்குக் காரணம். பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இவள் காரணம் எழுதிக்கொண்டிருந்தபோது இவளோடு அதே லேபிலிருந்து வந்த மூன்று பையன்கள் கையாட்டிவிட்டு வெளியே போனார்கள். “சித்தி, இனிமே நான் எதையும் போய்ச் சொல்லமாட்டேன்” என்றாள் அன்றிரவு. சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆபத்தைப் பார்த்தாள், அடையாளம் கண்டாள், ஓடிப் போய்ச் சொன்னாள். பேராசிரியர் கேட்கும் விழிப்பு இதைவிட வேறென்ன? தூங்கிக்கொண்டிருந்தது யார்?

பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிகளில் மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. பயிற்சி பெற்ற காவலர்கள் வேண்டும், அவர்களில் பெண்களும் போதிய அளவு வேண்டும், பெரிய வளாகத்துக்குள் நம்பி ஏறக்கூடிய வண்டி வசதி வேண்டும் என்று கேட்பதும் அதுதான். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் உள்ளகப் புகார்க் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் உட்கார வேண்டும். கல்லூரியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூன்று பக்கத்தில் ஒரு வரி இல்லை. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி விடுதி வழக்கில், தொல்லை கொடுப்பது ஆண்கள் என்றால் பெண்களை எதற்குப் பூட்டுகிறீர்கள் என்று கேரள உயர் நீதிமன்றமே கேட்டது.

முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் கிழிவது சேலைதான் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதைச் சொல்லித்தான் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினார்கள். அந்தப் பழமொழியைச் சொன்ன எவரும் ஒரு நாளும் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளின் பக்கம் போனதில்லை.

கடிதம் போகட்டும். மூன்றாவதையும் நான்காவதையும் அடித்துவிட்டு, எரியாத விளக்குகளின் பட்டியலையும், புகார்க் குழுவில் இருப்பவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டிலேயே எழுதி வையுங்கள் என்பதையும் சேருங்கள். அந்த விளக்குக் கம்பத்தின் நம்பரை அக்கா மகள் குறித்து வைத்திருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். அடிக்க மறுத்தால் அந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருக்காது. தெருவில் வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்பேன்.