அண்ணே, அந்த லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே!

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. பி.காம் மூணாவது வருஷம், டெபிட் கிரெடிட் தான் நம்ம ஏரியா. அதனால எலக்ட்ரிகல் புலிகள் தப்பு இருந்தா தாராளமா கும்மலாம். ஆனா முழுசாப் படிச்சிட்டுக் கும்முங்க.

நம்ம கிளாஸ்ல வண்டி வெச்சிருக்கிற பதினோரு பேர்ல ஏழு பேர் ஹெட்லைட்டை மாத்தியாச்சு. ஒருத்தன் எல்இடி பல்பு, ஒருத்தன் எச்ஐடி, ஒருத்தன் கிராஷ் கார்டுல ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா ஏதோ மாட்டி வெச்சிருக்கான், ராத்திரி தூரத்துல பாத்தா கல்யாண சீரியல் செட் ஊர்வலமா வர்ற மாதிரி இருக்கு. கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்: "நைட் ரைடிங்குக்கு ஸ்டாக் லைட்டு பத்தல மச்சி."

பத்தலைங்கிறது நிஜம். அதை நான் மறுக்கல. ஆனா நாம அதுக்குப் பண்ற வைத்தியம் நம்ம கண்ணுக்குத் தெரியறதைக் கொஞ்சம் கூட்டிட்டு, எதிர்ல வர்றவன் கண்ணை மொத்தமா பிடுங்குது. இது தப்பு, பச்சையான சுயநலம், அதுலயும் ஏமாந்து போற சுயநலம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னா, அந்த ஏழு பேர்ல ஏழாவது ஆள் நான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். சாயங்காலம் உசிலம்பட்டியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி பில் ஏத்துற வேலை பாக்குறேன். முடிச்சிட்டு ஊருக்குத் திரும்ப ஒன்பது மணி ஆயிடும். பதினாலு கிலோமீட்டர், பாதி தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. ரெண்டு பக்கமும் புளியமரம், நடுவுல நாய், படுத்திருக்கிற மாடு, சொல்லாம கொள்ளாம வர்ற பள்ளம். நான் ஓட்டுறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 150 சிசி. அதோட லைட்டு அகல் விளக்கு மாதிரி மஞ்சளா அழும். முதல் மாச சம்பளத்துல 850 ரூபாய்க்கு ஒரு எல்இடி பல்பு வாங்கினேன். கடைக்காரர் பழைய பல்பை உருவிட்டு அதே ஓட்டையில இதைச் சொருகினார். அஞ்சு நிமிஷம். "டிம், பிரைட் ரெண்டும் எரியுதா? சரி கிளம்புங்க தம்பி." அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரே சந்தோஷம். ரோடு வெள்ளை வெளேர்னு பளிச்சிட்டுது. புளியமரத்து உச்சிக் கிளை வரைக்கும் இலை இலையாத் தெரிஞ்சுது. ரோட்டுல அடிக்க வேண்டிய லைட்டு எதுக்குய்யா மரத்து உச்சிக்குப் போகுதுன்னு அந்த மரமண்டைக்கு அப்ப தோணலை.

ஒரு வாரம் கழிச்சு, ஒரு வளைவுல எதிர்ல ஒரு மொபெட் வந்துச்சு. நான் டிம்லதான் வந்தேன், இதைச் சத்தியமா சொல்றேன். என்னைத் தாண்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த வண்டி இடது பக்கமா ஒதுங்குச்சு, தார் முடிஞ்சு மண் ஆரம்பிக்கிற அந்த அரையடி இறக்கத்துல சக்கரம் இறங்கிடுச்சு, சரிஞ்சிடுச்சு. வண்டியைத் திருப்பிட்டு ஓடிப் போய்ப் பாத்தா எங்க தெருவுல பால் ஊத்துற மாமா. வலது மணிக்கட்டு வீங்கி நிக்குது. பால் கேன் உருண்டு கிடக்கு. நல்லவேளை காலி கேன்.

தூக்கி உக்கார வெச்சேன். அவர் சொன்னார்: "எவனோ லாரிக்காரன் மாப்ள. கண்ணுலயே அடிச்சிட்டுப் போயிட்டான் பாரு."

லாரி எதுவும் வரல. நான்தான் வந்தேன். ஆனா அப்ப வாயைத் திறந்து அதைச் சொல்லல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், எலும்பு விரிசல்னு மாவுக்கட்டு போட்டாங்க, ஆறு வாரம் பால் கறக்க முடியாதுன்னாங்க. மூணு நாள் கழிச்சு வீட்டுக்குப் போய், "மாமா, அது லாரி இல்ல, என் வண்டிதான்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். "நீயா? நல்லா வாங்கியிருக்கடா லைட்டு"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

சரி, மேட்டருக்கு வருவோம். டிம்ல வந்தும் ஏன் கண்ணுல அடிச்சுது?

நம்ம ஊர்ல ஓடுற நிறைய பைக்குல இருக்கிறது எச்எஸ்1 பல்பு, 35/35 வாட். கார்லயும் சில பெரிய பைக்குலயும் எச்4, 60/55 வாட். ரெண்டுலயும் உள்ளே ரெண்டு இழை இருக்கும். டிம் எரியற இழைக்குக் கீழே கரண்டி மாதிரி சின்னதா ஒரு தகடு இருக்கும், பழைய பல்பை எடுத்துப் பாருங்க தெரியும். அந்தத் தகடு, வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட கீழ்ப் பாதியில படாம மறைக்குது. மேல் பாதியில பட்ட வெளிச்சம் மட்டும் கீழ் நோக்கி ரோட்டுக்கு வருது. எதிராளி கண்ணைக் காப்பாத்துறது அந்தத் துக்கடா தகடுதான். அதோட, ரிஃப்ளெக்டரோட வளைவு முழுக்க அந்த இழை இருக்கிற ஒரே ஒரு புள்ளியை நம்பித்தான் கணக்குப் போட்டுச் செஞ்சது. மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் போற இடம் மாறும். இப்ப அந்த இடத்துல ஒரு தடியான அட்டை, அதோட ரெண்டு பக்கமும் எல்இடி சில்லுன்னு சொருகினா என்ன ஆகும்? வெளிச்சம் நாலா பக்கமும் தெறிக்கும். கொஞ்சம் ரோட்டுக்கு, கொஞ்சம் புளியமரத்துக்கு, மீதி பால்கார மாமா கண்ணுக்கு.

"கம்பெனியே இப்ப எல்லா வண்டியிலயும் எல்இடி குடுக்கிறானே"ன்னு கேப்பீங்க. குடுக்கிறான். ஆனா அவன் லென்ஸையும் ரிஃப்ளெக்டரையும் அந்த எல்இடிக்குன்னே வடிவமைச்சு மொத்தமா குடுக்கிறான். நாம பண்றது, பெட்ரோல் எஞ்சின்ல டீசல் ஊத்திட்டு "ரெண்டும் எண்ணெய்தானே"ங்கிற கதை.

அடுத்து அந்த அட்டைப்பெட்டி. என் பல்போட பெட்டியில 20,000 லூமென்னு போட்டிருந்துச்சு. பக்கத்துலயே 25 வாட்னும் போட்டிருந்துச்சு. எச்எஸ்1 பல்போட தரக்கணக்கு டிம்ல 525 லூமென், பிரைட்ல 825. எல்இடிக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமென்னு தாராளமா வெச்சாலும் 20,000 லூமெனுக்கு 200 வாட் வேணும். 25 வாட்டுல வர்றது 2,500. இந்த மாதிரி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எங்க ஆடிட்டர்கிட்ட நீட்டினா மூஞ்சியிலயே விட்டெறிவார். நாம என்னடான்னா 850 ரூபாய் எண்ணிக் குடுத்துட்டு பெருமையா வர்றோம்.

சரி, அப்ப ஸ்டாக் லைட்டு ஏன் அழுதுச்சு? இதுதான் நான் லேட்டா தெரிஞ்சுக்கிட்ட சமாச்சாரம். மாமா விழுந்த பிறகு எல்இடியைக் கழட்டிட்டு, ஊர்ல இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.9 வோல்ட். அதே நேரத்துல பல்பு ஹோல்டர்ல 11.9. நடுவுல ரெண்டு வோல்ட்டைக் காணோம்!

எங்க போச்சு? பேட்டரியில இருந்து கிளம்புற கரண்டு சாவி ஸ்விட்ச், ஹேண்டில்பார் ஸ்விட்ச், பத்து வருஷம் மழையில நனைஞ்ச கனெக்டர், நூல் மாதிரி வயர் எல்லாத்தையும் சுத்திட்டு பல்புக்கு வர்றதுக்குள்ள ஒவ்வொருத்தனும் கமிஷன் அடிச்சிடறான். ரெண்டு வோல்ட்டுதானேன்னு விட முடியாது. ஹாலோஜன் பல்புல வோல்டேஜ் குறைஞ்சா வெளிச்சம் அதே விகிதத்துல குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமா குறையும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைஞ்சா ஏறக்குறைய 30 சதவீதம் வெளிச்சம் காலி. என் வண்டிக் கணக்குல 40 சதவீதம் வெளிச்சம் வழியிலயே காணாமப் போயிருக்கு. பல்பு பாவம், அதுக்குச் சேர வேண்டியது சேரவே இல்லை. நான் பல்பைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அண்ணன் டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே போட்டார். பேட்டரியில இருந்து ஒரு பியூஸ், கொஞ்சம் தடிமனான வயர், ரிலே, பல்பு. நேர் வழி. பழைய வயரும் ஸ்விட்ச்சும் இப்ப ரிலேயைத் தட்டி எழுப்புற வேலையை மட்டும் பாக்குது. எர்த் வயரையும் துரு சுரண்டி மாட்டினார். இப்ப ஹோல்டர்ல 13.5 வோல்ட். வயர், ரிலே, புது ஹாலோஜன் பல்பு, கூலி எல்லாம் சேத்து 700 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. (ரொம்பப் பழைய 100 சிசி வண்டிங்க சிலதுல ஹெட்லைட்டு பேட்டரியில ஓடாது, மேக்னட்டோவுல இருந்து நேரா ஏசியில ஓடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினா பிரகாசம், விட்டா மங்கல். அதுக்கு முதல்ல டிசிக்கு மாத்தணும், வேலை ஜாஸ்தி, அதைக் கேட்டுக்கிட்டுச் செய்ங்க.)

இன்னொரு காசில்லாத வேலை இருக்கு. சமதளமான இடத்துல சுவத்துக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்க. ஸ்டாண்ட் போடாம நீங்க உக்காந்துக்கணும். ஹெட்லைட்டு நடு உயரத்தை சுவத்துல சாக்பீஸால குறிச்சுக்குங்க. டிம் போட்டா, வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்துப் பதினஞ்சு சென்டிமீட்டர் கீழே நிக்கணும். என் வண்டி கோட்டுக்கு மேலேயே நின்னுச்சு! பின்னாடி ஒருத்தரையோ ஒரு மூட்டையையோ ஏத்தினா பின் பக்கம் அமுங்கி லைட்டு இன்னும் தூக்கும். ஒரு ஸ்க்ரூவைத் திருகினா முடிஞ்சுது. நம்ம ஏழு பேர்ல ஒருத்தனாவது இதைப் பண்ணியிருப்பானா? நானும்தான் பண்ணல.

இப்ப நீங்க சொல்லப் போற நியாயம் எனக்குத் தெரியும். "எதிர்ல வர்றவன் அடிக்கிறான், அதனால நானும் அடிக்கிறேன்." பொருளாதார வகுப்புல தூங்காம இருந்தவங்களுக்கு இது புரியும்: எல்லார் சம்பளமும் ரெண்டு மடங்கு ஆகி, எல்லா விலையும் ரெண்டு மடங்கு ஆனா யாருக்கு லாபம்? அவன் லைட்டால என் கண்ணு கூசுது, அதைச் சமாளிக்க நான் பெருசா போடறேன், என்னால அவனுக்குக் கூசுது, அவன் இன்னும் பெருசா போடறான். லாபம் பாக்குறது பல்பு விக்கிறவன் மட்டும். ஒரு செலவை நாம பண்ணிட்டு பில்லை மூணாவது ஆள் தலையில கட்டுறதுக்கு வெளிச்செலவுன்னு பாடத்துல பேர் வெச்சிருக்காங்க. மாமாவோட ஆறு வாரம் அந்த பில்.

கணக்கு இன்னும் ஒண்ணு. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் போறோம். எதிர் லைட்டால மூணு விநாடி கண்ணு கட்டிடுச்சுன்னா 50 மீட்டர் குருட்டுப் பயணம். வயசானவங்க கண்ணு தெளிய நம்மளை விட அதிக நேரம் ஆகும். கண்ணு தெரியாம வர்ற அந்த ஆள் எங்கேயோ இல்லை, நமக்கு நேரா வர்றார். அவர் நம்ம மேலயும் மோதலாம். அதான் ஏமாந்து போற சுயநலம்னு சொன்னேன்.

"லாரி, பஸ், கார்க்காரனை எல்லாம் விட்டுட்டு பைக்காரனையே பிடிக்கிறியே"ன்னா, அது நியாயமான கேள்வி. அவனுங்களும் பிரைட்லயேதான் வர்றானுங்க. ஒரு காலத்துல போலீஸ்காரர் காரை நிறுத்தி ஹெட்லைட்டு நடுவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவார், எங்கப்பா சொல்வார். இப்ப சட்டம் இல்லாம இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-ஆவது விதி, முன் விளக்கோட வெளிச்சம் கீழ் நோக்கி இருக்கணும், 8 மீட்டர் தூரத்துல 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக் கூடாதுன்னு சொல்லுது. அதை யார் அளக்கிறா? புகைக்குச் சான்றிதழ் இல்லன்னா அபராதம் போடறாங்க. வெளிச்சத்துக்கு ஒருத்தரும் கேக்கிறதில்ல. சொந்த உபயோக பைக்கை ஆர்டிஓ ஆபீஸ்ல திரும்ப நிறுத்திப் பாக்கிறதே பதினஞ்சு வருஷம் கழிச்சுத்தான். இதுல 2017 ஏப்ரல்ல இருந்து வந்த புது டூவீலர்ல ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்ச்சே கிடையாது. எஞ்சின் ஓடுற வரை எரியும். தப்பான பல்பு மாட்டினா, பகல் ராத்திரி எப்பவும் தப்புதான்.

எக்ஸ்ட்ரா லைட்டே கூடாதுன்னு நான் சொல்லல. கொடைக்கானல் மலைப்பாதை பனியில போறவங்களுக்கு, தாழ்வா, அகலமா ரோட்டோரத்தை மட்டும் காட்டுற பாக் லேம்ப் உதவும்தான். தனி ஸ்விட்ச் இருக்கட்டும், தரையைப் பாக்கட்டும், எதிர்ல ஆள் வந்தா அணைங்க. நீங்க மாட்டியிருக்கிறதை சுவத்துல அடிச்சுப் பாத்துட்டு வந்து என்கிட்ட சண்டை போடுங்க.

சனிக்கிழமை மாமாவுக்குக் கட்டுப் பிரிச்சாங்க. விரலை மடக்கிப் பாத்துட்டு, பரவாயில்லன்னார். அந்த ஆறு வாரமும் அவர் மாடு ரெண்டையும் காலையில கறந்தது நான்தான். முதல் வாரம் உதை வாங்கினது தனிப் பதிவு.

கழட்டின எல்இடியைப் பாதி விலைக்கு நம்ம கிளாஸ்லயே ஒருத்தன் கேட்டான். குடுக்கல. பழைய பேட்டரி ஒண்ணுல மாட்டி மாமா வீட்டுக் கொட்டகையில தொங்க விட்டிருக்கேன். மாமாவுக்குப் பிடிச்சிருக்கு. மாடுதான் மூஞ்சியைத் திருப்பிக்குது.