சீட்டும் கைதட்டலும்



உதவி நிதி திரட்டுவதற்காக நடத்தப்பெறும் கதம்ப நிகழ்ச்சிகளைப் பற்றி நம் குடும்பங்களில் இருவகைப் பேச்சு உண்டு. “தருமத்திற்கு நடப்பதில் குற்றம் காணலாமா?” என்பர் ஒரு சாரார். “சீட்டு வாங்கியாயிற்று, கடமை முடிந்தது, பாதியில் எழுந்து போனால் என்ன?” என்பர் மற்றொரு சாரார். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

கோபிநத்தத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர்க்குக் காவிரியின் அக்கரையிலுள்ள தருமபுரி, சேலம் சீமைகளின் தெருக்கூத்து புதிதன்று. அங்கே நுழைவுச் சீட்டு இல்லை; மூன்று பக்கமும் மக்கள் தரையில் அமர்ந்திருப்பர். கட்டியங்காரன் அவர்களோடு பேசுவான். அவர்களும் மறுமொழி சொல்வர். ஆட்டத்தில் மனம் நெகிழ்ந்தவர் எழுந்து பணம் கொடுப்பார். அவர் பெயர் அப்பொழுதே களத்தில் கூறப்படும். பார்த்தலும் கொடுத்தலும் அங்கே ஒரே செயல். உதவி நிகழ்ச்சியிலோ கொடுத்தல் முன்னே நடந்துவிடுகிறது. பார்த்தல் பின்னே வருகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இது நமக்கு மட்டும் உரிய தொல்லையன்று. நடிகர் சமூகம் தன்னுள் நலிந்தோருக்காகத் தானே மேடையேறும் வழக்கத்திற்கு இலண்டன் மாநகரம் பெயர் பெற்றது. 1912-ஆம் ஆண்டில் அங்குள்ள பாலஸ் அரங்கில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் வீற்றிருக்க, கதம்பக் கலைஞர்களின் உதவி நிதிக்காக ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆண் வேடத்திற்குப் புகழ்பெற்ற வெஸ்டா டில்லி அம்மையார் கால்சட்டையுடன் தோன்றியபோது, அரசியார் நிகழ்ச்சி நிரலால் முகத்தை மறைத்துக் கொண்டாராம். பாமர மக்களின் அன்பைப் பெற்றிருந்த மேரி லாயிட் என்னும் பாடகியாருக்கோ அழைப்பே இல்லை. நலிந்த கலைஞருக்கென நடந்த விழாவில், மக்கள் கொண்டாடிய கலைஞருக்கு இடமில்லாமற் போயிற்று!

1921 முதல் அது ஆண்டு விழாவாக வேரூன்றியது. 1963-இல் பீட்டில்ஸ் குழுவினர் அம்மேடையில் பாடினர். அப்போது ஜான் லெனன் என்பவர், மலிவான இருக்கையில் உள்ளோர் கைதட்டுமாறும், மற்றவர்கள் தங்கள் நகைகளைக் குலுக்கினாற் போதும் என்றும் வேடிக்கையாகக் கேட்டுக் கொண்டார். சபை சிரித்தது. எனினும் அச்சிரிப்பில் உண்மை இருந்தது. முன்வரிசை பணம் தருகிறது. கைதட்டலோ பின்வரிசையிலிருந்துதான் வருகிறது. ஆயினும் அவ்விழாவின் வருவாயால் டுவிக்கன்காம் என்னுமிடத்திலுள்ள பிரின்ஸ்வர்த் இல்லத்தில் முதிய கலைஞர்கள் ஆதரவு பெறுகின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ் மேடையின் சபையோர் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு “ஒன்ஸ்மோர்” முழக்கம் எழாத இரவில்லை. எம். ஆர். ராதாவோ சபையில் எழுந்த கூச்சலுக்கு மேடையிலிருந்தே பதில் கொடுத்தவர். 1957-இல் சேலத்தில் அரங்கேறிய “வீரபாண்டிய கட்டபொம்மன்” நாடகத்தைச் சிவாஜி கணேசன் பல ஊர்களில் நடத்தி, வருவாயைக் கல்வி நிலையங்களுக்கு வழங்கினார். தருமத்திற்காக நடந்ததென்று அங்கே நடிப்பில் குறை வைக்கவில்லை. சபையும் இரக்கத்தால் கைதட்டவில்லை.

பிற்காலத்தில் தென்னிந்திய நடிகர் சங்கம், கடன் தீர்ப்பதற்காக 2002-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், கட்டட நிதிக்காக 2018 ஜனவரி 6-இல் கோலாலம்பூரிலும் கலைவிழா நடத்திற்று. அரங்கில் அமர்ந்தவருள் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் ஏராளம். திரையில் கண்ட முகத்தை நேரில் காணும் ஆவல் அவர்களுக்கு இயல்பே. ஆனால் அச்சங்கத்தின் உறுப்பினருள் பெயர் அறியாத நாடகக் கலைஞர் மிகப் பலர். அவர்களை நினைத்துச் சீட்டு வாங்கியவர் எத்துணைப் பேர்?

தொலைவிலுள்ளோரைக் கேட்டது போதும். நம்மையே கேட்டுக் கொள்வோம். நம்மவர் விழாக்களில் நடப்பது என்ன? திரைப்பாட்டுக்குச் சிறுவர் ஆடும்போது சீழ்க்கையும் ஆரவாரமும். பெற்றோர் படம் பிடித்துக் கொள்வர். பிள்ளையின் ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தோடு வெளியேறுவர். இரவு பத்து மணிக்கு மேல், யாருக்காக நிதி திரட்டப்பட்டதோ அந்த முதிய கூத்துக் கலைஞர் முகத்தில் அரிதாரம் பூசி வருவார். எதிரே காலி நாற்காலிகள்! அவருக்குப் பணமுடிப்புக் கிடைக்கும், சபை கிடைக்காது. ஐம்பது ஆண்டு ஆடிய மனிதருக்கு இரண்டில் எது பெரிது என்பதை அன்பர்களே ஊகிக்கலாம்.

புகைவண்டி அலுவலகத்தில் பணியாற்றும் நமக்கு ஒன்று தெரியும்: சீட்டு வாங்கியவர் பாதி வழியில் இறங்குவதற்காக வாங்குவதில்லை. கலை நிகழ்ச்சிக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கூத்தை இறுதியில் வையாமல் நடுவில் வையுங்கள். உதவி பெறுபவரைக் கைகூப்பி நிற்க வைத்து நெடிய நன்றியுரை கேளாதீர்கள். அவர் கலையைக் காட்டட்டும். நிகழ்ச்சி நன்றாயிருந்தால் மனமாரத் தட்டுங்கள். குறையிருந்தால் மறுநாள் நடத்தியவரிடமே நேரில் சொல்லுங்கள். தருமம் என்னும் பெயரால் குறையை மூடினால் அடுத்த ஆண்டும் அக்குறையே மேடையேறும்.

வரவு செலவைச் சங்கம் கணக்கெழுதி வெளியிடும். கடைசி வரை அமர்ந்திருந்தவர் எத்தனை பேர் என்பதையும் அதன்கீழ் ஒரு வரியாகச் சேர்த்தால் நன்று என்பது நம் கருத்து.