பதினோரு நாடு சுற்றியும் நக்கெட்ஸ்தானா?

பெற்றோரே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். புளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்விட்டு வரும் நம் குடும்பங்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. "ரைடெல்லாம் பிரமாதம், சாப்பாடுதான் வாயில வைக்க முடியல. எங்க போனாலும் அதே பர்கர், அதே பீட்சா, அதே நக்கெட்ஸ். விலையோ பகல் கொள்ளை." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, அந்த நக்கெட்ஸை வாங்கியது யார்? முதல் நாள் வாங்கினீர்கள், போகட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே மாதிரி ஒரு கவுண்ட்டரில் போய் நின்று, அதையே வாங்கிப் பிள்ளை முன்னால் வைத்தது யார்?

ஒரு ரைடுக்காக நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்று தெரிந்து, அதற்கு முன்பே எழுந்து போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம். எந்த வரிசை எந்த நேரத்தில் குறையும் என்று வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். பிள்ளை மூன்று வேளையும் என்ன சாப்பிடும் என்ற கேள்வி மட்டும், அது பசியில் அழ ஆரம்பித்த பிறகுதான் நமக்கு வருகிறது. அழுகிற பிள்ளையையும் புளோரிடா வெயிலையும் வைத்துக்கொண்டு யாராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது. கண்ணுக்கு எதிரே எந்தக் கடை தெரிகிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. இத்தனைக்கும் டிஸ்னி வேர்ல்டின் உணவகப் பட்டியல்கள் எல்லாம் விலையோடு இணையத்தில் கிடக்கின்றன. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 60 நாளுக்கு முன்பே மேசை பதிவு செய்யலாம். விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்னால் போடுகிற நமக்கு இது முடியாத காரியமா?

ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் பக்கத்து மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறேழு வயதுப் பெண் குழந்தை. அப்பாவின் தட்டில் வாட்டிய மீன், மேலே எலுமிச்சைத் துண்டு, ஓரத்தில் கறுப்பு பீன்ஸ் கலந்த சோறு. குழந்தையின் தட்டில் வழக்கம்போல நக்கெட்ஸ், ஃப்ரைஸ். அவள் மெதுவாகக் கையை நீட்டி அப்பா தட்டிலிருந்து ஒரு வாய் சோற்றை எடுத்துத் தின்றாள். பிடித்திருந்தது போல, மறுபடியும் கையை நீட்டினாள். "அது காரம்டீ, உனக்குப் பிடிக்காது. உன்னோடதைச் சாப்பிடு" என்றார் அம்மா. நீட்டிய கை திரும்பிப் போனது. அந்தச் சோறு காரமா இல்லையா என்று அம்மா வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை நக்கெட்டின் மொறுமொறுத் தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, உள்ளே இருந்த வெளிறிய கறியை வரிசையாகத் தட்டின் விளிம்பில் அடுக்கி வைத்தாள். அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போனது. வீட்டில் மிளகு ரசம் ஊற்றிச் சாப்பிடும் பிள்ளைக்கு அங்கே போனதும் எல்லாமே காரமாகிவிடுகிறது, நம் வாயால்.

பிள்ளைகளுக்கென்று தனிச் சாப்பாடு இருக்க வேண்டும் என்பது ஒன்றும் காலங்காலமாக வந்த வழக்கமில்லை. 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து, சாராய வருமானம் நின்றுபோன பிறகுதான், குடும்பத்தோடு வருகிறவர்களை இழுக்க உணவகங்கள் சிறுவர் பட்டியல் போடும் பழக்கம் அங்கே பரவியது. அந்தக் காலத்துக் குழந்தை மருத்துவர்கள் மசாலா ஆகாது, உறைப்பு ஆகாது என்று சப்பென்ற உணவையே பரிந்துரைத்தார்கள். பட்டியலும் சப்பென்று அமைந்தது. நக்கெட் அதற்கும் பிறகு வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோழி விற்பனையைப் பெருக்க வழி தேடிக்கொண்டிருந்த ராபர்ட் பேக்கர் 1960-களின் தொடக்கத்தில் அரைத்த கோழிக்கறியை மாவில் தோய்த்து உறைய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1983-இல் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்கா முழுக்க அதை விற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் குழந்தை என்றால் நக்கெட் என்று ஆகிவிட்டது.

பெரிய பூங்காவின் சமையலறைக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். உறைந்த மூட்டையாக வருகிறது. கைதேர்ந்த சமையல்காரர் வேண்டாம். கொதிக்கும் எண்ணெயும் நேரம் சொல்லும் மணியும் போதும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்து நின்றாலும் ஈடுகொடுக்கலாம். எந்த நாட்டுக் குழந்தையும் முகம் சுளிக்காது. மீந்தால் அடுத்த வேளைக்கு ஆகும், விற்பதில் லாபம் உண்டு. கேட்காமலே வாங்குகிற பெற்றோர் வரிசையில் நிற்கும்போது, கீரையும் பருப்பும் சமைத்து வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். 2006-இல் டிஸ்னி தன் பூங்காக்களின் சிறுவர் உணவை மாற்றப்போவதாக அறிவித்தது. ஃப்ரைஸுக்கும் சோடாவுக்கும் பதில் பழமோ காய்கறியோ, கூடவே பாலோ தண்ணீரோ பழச்சாறோ, அதுவாகவே வரும். ஃப்ரைஸ் வேண்டுமென்றால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்னி வேர்ல்டின் 145 உணவகங்களின் விற்பனையை வைத்து இதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016-இல் வெளியானது. குடிக்கும் பானத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்ததை ஏற்றுக்கொண்டார்கள், நல்லது. பக்கத் தட்டில்? ஏறக்குறைய பாதிப் பேர்தான் பழத்தையும் காயையும் அப்படியே விட்டார்கள். மீதிப் பாதிப் பேர் வலியக் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். நறுக்கிய ஆப்பிள் தட்டில் தானாக வந்தும், "அது வேண்டாம், ஃப்ரைஸ் கொடுங்க" என்று சொன்னது கம்பெனி அல்ல. கவுண்ட்டரில் பணம் கொடுக்க நின்ற பெரியவர்கள். இதற்குப் பிறகும் "அங்க ஆரோக்கியமா ஒண்ணுமே கிடைக்காது" என்று நாம் எந்த வாயால் சொல்வது?

உண்மையில் கிடைக்கிறது. டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் ஒரு குளத்தைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று 11 நாடுகளின் அரங்குகள், ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டுச் சாப்பாடு. நார்வே அரங்கின் ரொட்டிக் கடையில் ஒரு பன் விற்கிறார்கள். ஏலக்காய் போட்ட மாவு, நடுவில் கஸ்டர்டு, மேலே வறுத்த தேங்காய்த் துருவல். ஏலக்காயும் தேங்காயும் நம் பிள்ளைகளுக்குப் புதுசா? ஜப்பான் அரங்கில் கண்ணெதிரே சூடான இரும்புத் தட்டில் சமைத்துத் தருகிறார்கள். ரைடை விட அதை வாய் பிளந்து பார்க்கும் குழந்தைகள் உண்டு. அனிமல் கிங்டம் பூங்காவின் சாத்துலி கேன்டீனில் சோறு, காய், கறி, குழம்பு என்று தேர்ந்தெடுத்துக் கிண்ணத்தில் வாங்கலாம். சிறுவர் அளவும் இருக்கிறது. அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் சானா என்றொரு உணவகம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். உள்ளே ஐந்து வகை ரொட்டி, தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்துமல்லிச் சட்னி, ஊறுகாய் என்று ஒன்பது வகை. அங்கே போய்ச் சாப்பிடப் பூங்கா டிக்கெட்கூட வேண்டாம். இவ்வளவும் இருக்கும் ஊரில் 11 நாட்டையும் சுற்றி வந்த பிள்ளை, கடைசியில் நக்கெட்ஸ் தின்றுவிட்டுத் தூங்கிப்போகிறது.

"புதுசா வாங்கிக் கொடுத்தா தின்னாது, காசு வீண்" என்பீர்கள். ஒரு புது உணவு பிள்ளைக்குப் பிடிபடப் பல முறை வாயில் பட வேண்டும் என்பது 1980-களிலிருந்தே ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம்தான். அதற்காகத் தனித் தட்டு வாங்கச் சொல்லவில்லை. நீங்கள் உங்களுக்கு நல்லதாக ஒன்று வாங்குங்கள், ஒரு காலித் தட்டு கேளுங்கள், இரண்டு கரண்டி அதில் போடுங்கள். கூடவே வெறும் சோறோ ரொட்டியோ இருந்தால் வயிறு நிறைந்துவிடும். தனித் தட்டின் காசும் மிச்சம். கூட்டுச் சட்டியில் ஒரே குழம்பை எல்லோரும் ஊற்றிச் சாப்பிட்ட வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தரவும் வேண்டுமா?

விலைக்கு வருகிறேன். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. நுழைவாயிலைத் தாண்டிவிட்டால் வேறு கடை கிடையாது, அதனால் வைத்ததுதான் விலை. கதாபாத்திரங்கள் மேசைக்கு வந்து கை குலுக்கும் பஃபேக்களில் இரவு உணவுக்குப் பெரியவருக்கு 60 டாலரைத் தாண்டும்; 10 வயது ஆகிவிட்டால் உங்கள் பிள்ளையும் பெரியவர் கணக்கு. அந்தப் பிள்ளை இரண்டு துண்டு பீட்சாவும் ஒரு ஐஸ்கிரீமும் தின்றுவிட்டு எழுந்திருக்கும். ஒரு முறை மிக்கியோடு படம் எடுத்துக்கொள்வதற்காக என்றால் சரி. தினம் ஒரு பஃபே எதற்கு? முன்பணம் கட்டி வாங்கும் உணவுத் திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. கட்டியாகிவிட்டதே என்று பசியில்லாமலே வாங்கிக் கொட்டும் குணம் நமக்கு உண்டு. வாங்குவதற்கு முன், உங்கள் வீட்டார் ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு பாட்டில் ஏறக்குறைய 4 டாலர். நான்கு பேர் ஆளுக்கு மூன்று பாட்டில் குடித்தால் கிட்டத்தட்ட 50 டாலர் தண்ணீருக்கே போயிற்று. குழாயிலிருந்து பானம் பிடித்துத் தரும் எந்த உணவுக் கவுண்ட்டரிலும் கேட்டால் ஐஸ் போட்ட குடிநீரை ஒரு கோப்பையில் இலவசமாகக் கொடுப்பார்கள். பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேட்கக் கூச்சம் என்று பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

கூச்சம் என்றதும் கட்டுச்சோற்றைச் சொல்லாமல் விட முடியாது. புளோரிடா, கலிபோர்னியா டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையே இல்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடாக்கித் தரச் சொல்லக் கூடாது, பெட்டி அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது என்பது போன்ற சில விதிகள் மட்டும்தான். ஆனாலும் எடுத்துப் போக மாட்டோம். "அங்க போயும் புளியோதரையா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" எந்த நாலு பேர்? பக்கத்து பெஞ்சில் அமெரிக்கக் குடும்பம் கூச்சமே இல்லாமல் பையைத் திறந்து வீட்டில் செய்த சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிடுகிறது. முன்னெல்லாம் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினாலே எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிய பரம்பரை நாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், சுருட்டிய சப்பாத்தியும், எலுமிச்சை சாதமும் அந்த வெயிலில் மதியம் வரை தாங்கும். தயிர் சாதத்துக்குப் பனிக்கட்டிப் பை ஒன்று வைத்தால் போதும். சைவக் குடும்பங்களுக்கு நான் இதை இரட்டை அழுத்தத்தோடு சொல்வேன். நக்கெட்ஸும் ஆகாது என்றால் உங்கள் பிள்ளைக்கு அந்தச் சிறுவர் பட்டியலில் மிஞ்சுவது பெரும்பாலும் சீஸும் மைதாவும்தான்.

எல்லாப் பூங்காவிலும் இப்படி விடுவதில்லை. டோக்கியோ டிஸ்னியில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது; வாயிலுக்கு வெளியே இதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். ஷாங்காயில் 2017-இல் இப்படித்தான் தடை போட்டார்கள். 2019 தொடக்கத்தில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் 40 யுவானுக்குச் சற்று மேல் நொறுக்குத் தீனி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாயிலில் தடுத்துவிட்டார்கள். அந்த மாணவி வழக்குப் போட்டார். செப்டம்பரில் 50 யுவான் இழப்பீட்டோடு சமரசம் ஆனது. அதே மாதம் பூங்கா விதியை மாற்றி வெளி உணவை அனுமதித்தது. அதுவரை எத்தனை லட்சம் பெற்றோர் அதே வாயிலில் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையின் பிஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போயிருப்பார்கள்! அவர்களில் எத்தனையோ பேருக்குத் தோன்றாதது, ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தோன்றியது. ஹாங்காங் டிஸ்னிலேண்டும் அப்படித்தான். கல்யாண விருந்தில் சுறாத் துடுப்பு சூப் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தவர்கள், எதிர்ப்பு கிளம்பியதும் 2005-இல் திறப்பதற்கு முன்பே கைவிட்டார்கள். பட்டியலை மாற்ற வைக்க முடியும். வாய் திறக்க வேண்டும்.

நாம் திறப்பது வீட்டுக்கு வந்த பிறகு, நண்பர்களிடம். அங்கேயே சொல்லுங்கள். பெரியவர் பட்டியலில் உள்ளதைப் பாதி அளவில் குழந்தைக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பரவாயில்லை, அடுத்த கடையிலும் கேளுங்கள். சோறு இருக்கிறதா, பீன்ஸ் இருக்கிறதா, எண்ணெயில் போடாமல் வாட்டிய கோழி கிடைக்குமா என்று கேளுங்கள். ஒவ்வாமை என்று சொன்னால் சமையல்காரரே மேசைக்கு வந்து பேசும் இடங்கள் அங்கே உண்டு. ஊருக்குத் திரும்பியதும் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வருமே, ரைடுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். சிறுவர் உணவைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தது என்பதையும், நீங்கள் எதைக் கேட்டுக் கிடைக்கவில்லை என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இந்தக் கோடைக்கு அறை பதிவு செய்து வைத்திருப்பவர்கள் இன்று இரவே உணவகப் பட்டியலைத் திறந்து பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் இதுவரை தின்னாத ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். எந்த இரண்டு வேளைக்கு வீட்டுச் சாப்பாடு, எந்த ஒரு வேளைக்குக் கடை என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் தயிரும் பழமும் விடுதிக்கே வரவழைக்கலாம். பெரும்பாலும் அறையில் சிறிய குளிர்ப்பெட்டி இருக்கும். மளிகைப் பட்டியலையும் இன்றே எழுதுங்கள்.