கம்ப்யூட்டர் இருக்கிறது, சொல்லித்தர ஆள் எங்கே?

சோழவரம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சென்னையில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிக் கால்வாய் வழியாக இங்கே கொண்டுவருகிறார்கள். இங்கிருந்து அது புழலுக்குப் போகிறது. கொள்ளளவு 1081 மில்லியன் கன அடி. புழல், செம்பரம்பாக்கத்தோடு ஒப்பிட்டால் சின்ன ஏரிதான். ஆனால் பெருமழையில் பூண்டியின் மதகுகள் திறந்தால் ஆற்றங்கரை ஊர்கள் அன்றிரவு தூங்காது. 2015, 2021, 2023 என்று மூன்று முறை அந்த இரவுகளைப் பார்த்தாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது தனிக்கதை.

எவ்வளவு மழை பெய்தால், எந்த மதகை எப்போது திறந்தால், எந்த ஊரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடியும். பூண்டியிலேயே பொதுப்பணித்துறை ஆரம்பித்த நீரியல் ஆய்வு நிறுவனம் பல காலமாக இருக்கிறது. ஆற்றையும் அணையையும் சிறு உருவமாகக் கட்டி, அதில் தண்ணீரை ஓடவிட்டு அளந்து பார்க்கிற இடம் அது. இப்போது அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளும் செய்யலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து சென்னை மாநகருக்காக சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை 2019ல் கொண்டுவந்தன. நல்ல காரியம். ஆனால் சோழவரம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அந்தக் கணக்கை யார் போடுவது?

இந்தப் பக்கத்து மாணவி ஒருத்தியே போடட்டும் என்று வைத்துக்கொள்வோம். காரனோடையிலோ சோழவரத்திலோ பஸ் ஏறி, தச்சூர் கூட்டுரோடு வழியாகப் பொன்னேரிக்குப் போய்க் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறாள். ஆற்றுவெள்ளத்தைக் கணக்கிட ஹெக்-ராஸ் என்று ஒரு மென்பொருள் உண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கியது, இலவசம். துறையில் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஆனால் வீதி வீதியாகத் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கக் கட்டங்களைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் மணிக்கணக்கு நாள்கணக்காகிவிடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து! மழையையும் சேர்த்துக் கணிக்க டபிள்யூ.ஆர்.எஃப் மாதிரியை ஓட்டவேண்டும் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் பத்தாது, பெரிய மெஷின் வேண்டும்.

பெரிய மெஷின் இல்லாமலா இருக்கிறது? எண்பதுகளில் அமெரிக்கா க்ரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்ததும் 1988ல் சி-டாக் உருவானதும், 1991ல் பரம் 8000 வந்ததும் பலரும் பெருமையாகச் சொல்லும் கதை. 2015ல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 4500 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதன்கீழ் 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் வந்தது, 838 டெராஃப்ளாப்ஸ். ஒரு நொடியில் 838 லட்சம் கோடி கணக்குகள். பெயர் வைத்தவரைப் பாராட்டலாம், பரம்பொருள் என்றும் படிக்கலாம். இப்படிப்பட்ட மெஷின்களைத் தேசிய அறிவு வலையமைப்பு மூலம் நாடு முழுவதுமுள்ள கல்வி நிறுவனங்களோடு இணைப்பதுதான் திட்டத்தின் நோக்கமே.

பரம்பொருள் எங்கும் நிறைந்தது என்பார்கள். பொன்னேரி வரைக்கும் வருமா?

கம்பி வழியாக வரும். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் முதலில் கணக்கு வேண்டி விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மணிநேரம், எத்தனை கோர், எவ்வளவு நினைவகம் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் லினக்ஸ் கட்டளைகள். மௌஸைத் தொடாத கறுப்புத் திரை. மென்பொருளை அங்கே கம்பைல் செய்து, வேலையை ஸ்லர்ம் வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுபோயிருக்கும். யாரைக் கேட்பது? வழிகாட்டிப் பேராசிரியர் தன் பாடத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் இது அவர் படித்த காலத்தில் இல்லாத சமாச்சாரம். கல்லூரி லேப் உதவியாளருக்கு விண்டோஸ் பார்மட் செய்யத் தெரியும். பல்கலைக்கழகம் 'ஆராய்ச்சிக்கு ஆதரவு' என்று சொல்வதெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டி நின்றுவிடுகிறது.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004ல் கப்ரு என்ற கிளஸ்டரை அமைத்தது. கடையில் கிடைக்கிற 144 கம்ப்யூட்டர்களை இணைத்து, உலகின் 500 வேகமான மெஷின்கள் பட்டியலில் அந்த ஆண்டு இடம்பிடித்தது. அவர்களிடம் இருந்த விசேஷம் கம்ப்யூட்டர் அல்ல. அதைக் கட்டவும் ஓட்டவும், பிசகினால் பிரித்துப் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. பெரிய மெஷின்கள் சில மையங்களில், ஆய்வாளர்கள் ஆயிரம் கல்லூரிகளில். டெராகிரிட் திட்டத்தார் 2008ல் ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வளாகத்திலும் ஒருவரைப் பிடித்து, அவருக்குப் பயிற்சியும் மெஷினில் கொஞ்சம் நேரமும் கொடுத்து, "உங்கள் கல்லூரியில் யார் வந்து கேட்டாலும் கைபிடித்துக் கூட்டிவாருங்கள்" என்று விட்டுவிட்டார்கள். 'கேம்பஸ் சாம்பியன்' என்று பெயர். புது மெஷின் வாங்கவில்லை, கட்டடம் கட்டவில்லை. டெராகிரிட் முடிந்து அடுத்த திட்டம் வந்தபோதும் அந்த ஆட்கள் தொடர்ந்தார்கள்.

இங்கும் பயிற்சிக்கு ஏற்பாடு இல்லாமலில்லை. சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்கள் நான்கு: கரக்பூர், சென்னை, கோவா, பாலக்காடு. நான்கும் ஐ.ஐ.டி.கள்! அங்கே ஒரு வாரம் பட்டறை நடத்துவார்கள், சான்றிதழும் தருவார்கள். ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துச் சந்தேகம் வரும்போது பட்டறை முடிந்திருக்கும். யு.ஜி.சி. 2009 முதல் முனைவர் பட்டத்துக்குப் பாடவேலையைக் கட்டாயமாக்கியது, பின்னர் ஆய்வு நெறி குறித்தும் ஒரு பாடம் சேர்ந்தது. திருடாமல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தருவது சரிதான். எழுதுவதற்கு ஏதாவது கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டாமா?

பணத்துக்கு வருவோம். ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை 2019ல் 31,000 ரூபாயாகவும், 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்றது அது. ஆனால் நெட் தேர்வில் அந்த இடம் கிடைக்காமல் இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று எதுவுமில்லை, பகலில் ஆராய்ச்சி, மாலையில் டியூஷன். ஜே.ஆர்.எஃப் உள்ளவருக்கும் புத்தகம், பயணம், கருவிகளுக்கான செலவுத்தொகை அறிவியல் பிரிவில் முதலிரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நல்ல ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினால் கரைந்துவிடும். மறுபக்கம் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டிய பணம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6000 கோடி. 2025 முதல் அரசுக் கல்லூரி மாணவர்களும் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். இது நிஜமாகவே பெரிய மாற்றம், குறை சொல்ல மனம் வராது.

பல்கலைக்கழகங்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது. அரசு மானியம் மொத்தச் செலவில் பாதிகூட இல்லாததால் வரிவிலக்கு கிடையாது என்பது வாதம். அரசு குறைவாகக் கொடுத்தது, அதனால் வரி கட்டு! சம்பளம், ஓய்வூதியத்துக்கே தடுமாறுகிற இடம் கணினி உதவிக்கென்று புதிதாகப் பதவி உருவாக்குமா? இருந்தாலும் கணக்கைப் பார்க்கலாம். மாதம் 50,000 ரூபாய் சம்பளத்தில் நூறு பேர் என்றால் ஆண்டுக்கு 6 கோடி. மாநிலம் முழுக்க, பல கல்லூரிகளுக்கு ஒருவர் என்று வைத்தால் போதும். 4500 கோடிக்கு மெஷின் வாங்கும் நாட்டில் இது பெரிய தொகையா? மெஷினைத் திறந்து வைக்க ரிப்பன் கட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஆள் நியமனத்துக்கு ரிப்பன் கிடையாது... சிக்கல் அங்கேதான்.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, இப்போது ஏ.ஐ.யைக் கேட்டால் ஸ்க்ரிப்டே எழுதித் தருகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், எழுதித் தருகிறது. ஆனால் அது திருச்சிக்குப் போன் போட்டு முடங்கிய கணக்கைத் திறந்து தராது. தாமரைப்பாக்கத்துக்குக் கீழே கரையை உயர்த்தியிருந்தால் பழைய உயர வரைபடம் பொய்சொல்லும் என்பதும் அதற்குத் தெரியாது.

இணைப்புக் கல்லூரிகளில் தரமில்லை, அங்கே போட்ட காசு வீண் என்பது இன்னொரு வாதம். தரமற்ற ஆய்வுகள் வந்தது நிஜம். ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்ற விதி 2022ல் நீங்கும்வரை காசு வாங்கிப் போடும் இதழ்கள் கொழித்தன. ஆனால் கருவியும் உதவியும் இல்லாதவனிடம் கட்டுரை மட்டும் கேட்டால் வேறென்ன வரும்?

இப்படி ஒரு பதவியை முதலில் சோதித்துப் பார்க்கத் திருவள்ளூர் மாவட்டமே தோதான இடம். பூண்டியில் ஆறுகளை அளந்து பழகிய நிறுவனம் இருக்கிறது. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் புகையையும் கழிவுநீரையும் அளக்க வேண்டிய வேலையும் காத்திருக்கிறது. ஒரு லேப்டாப்போடு ஒரே ஆள், திங்கள் பொன்னேரி, புதன் திருவள்ளூர், வெள்ளி பூண்டி என்று பஸ்ஸிலேயே சுற்றி வந்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது.