டிக்கெட் இருந்தும் வெளியே!



செல்போனில் நூறு தடவை கேட்ட பாட்டுதான். ஆனாலும் அதை நேரில் கேட்க ஏன் துடிக்கிறோம்? டிரம்ஸ் அடி நெஞ்சில் வந்து மோதும். முன்பின் தெரியாத ஆள் நம்மோடு சேர்ந்து பாடுவார். அந்தச் சுகமே தனி!

ஒரு காலத்தில் சென்னையில் 'நெமெசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தவர் ஏ.ஆர்.ரகுமான். 1992-ல் 'ரோஜா' வந்தது. முப்பது வருஷம் கழித்தும் அவர் மேடை ஏறினால் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் என்ன ஆச்சு? டிக்கெட் இருந்தும் பலர் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. ஏற்பாட்டாளர்களும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

"ரசிகன்னா கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேணும்" என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்க மாட்டேன். இலையை எண்ணாமல் பந்திக்குக் கூப்பிடுவது விருந்தா? எங்கள் திருவேற்காட்டில் ஆடி மாதத் தெருக் கச்சேரிக்கே பெண்கள் உட்காரக் கயிறு கட்டித் தனி இடம் விடுவார்கள். காசு வாங்காத இடத்தில் இருக்கிற அக்கறை, ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடத்தில் வேண்டாமா?

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்தச் சாயங்காலத்தைக் கொடுக்க முடியுமா?

நண்பர்களே, இத்தனை பேருக்கு எத்தனை வாசல், எவ்வளவு அகலம் என்று நாளைக்கு வரைபடம் போடப்போவது நாம்தான். ஸ்கேலைக் கையில் எடுக்கும்போது, வெளியே நின்றவர்களை நினைத்துக்கொள்வோம்!