வெளியுறவு என்ன அக்கிரகாரமா?

போர் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும், நம்ம ஆட்களுக்கு இரண்டே வேலைதான் ஒதுக்கப்படுகிறது. ஒன்று, யாருக்காவது கொடி பிடிப்பது. இல்லாவிட்டால் வாயைப் பொத்திக்கிட்டு இருப்பது. இடஒதுக்கீடா, பேசு. பஞ்சமி நிலமா, பேசு. இரட்டைக் குவளையா, தாராளமாகப் பேசு, நாங்களே வந்து தலைமை தாங்குகிறோம். காஷ்மீர், சீனா, பாகிஸ்தான், ராணுவச் செலவு என்று வாயெடுத்தால் மட்டும் 'அதெல்லாம் பெரிய விஷயம் தம்பி, ஒனக்கெதுக்கு' என்று ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பு காவிக்காரனிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள் தோழர்களே. முற்போக்கு மேடைகளில் இதைவிட நைசாகச் சிரிக்கிறார்கள்.

கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். ஏரித் தண்ணிக்கோ எல்லைக் கல்லுக்கோ இரண்டு ஊருக்கு நடுவே தகராறு வரும். பேசி முடிவெடுப்பது கோயில் திண்ணையில். சேரி ஆள் எட்ட நிற்க வேண்டும். காதில் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. முடிவு செய்து முடித்ததும் 'ஏலே, கம்ப எடுத்துக்கிட்டு நீங்க முன்னால போங்கல' என்பார்கள். மண்டை உடைந்து திரும்பி வந்தால் மருந்துக்குக் காசு கிடையாது. இந்த நாட்டின் வெளியுறவும் இப்படித் திண்ணைப் பேச்சாகத்தான் நடக்கிறது என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார். வெளியே நின்று எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. மந்திரிசபைக்குள்ளேயே நாலு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஏன் விலகினார் என்று யாரைக் கேட்டாலும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா என்பார்கள். சரிதான், அது பெரிய காரணம். ஆனால் அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வாசிக்க அவர் எழுதி எடுத்து வந்த அறிக்கையில் இன்னும் சில காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அதை அங்கே வாசிக்க முடிந்ததா? நகலை முன்கூட்டியே கொடு என்றார்கள், நாங்கள் சொல்லும் நேரத்தில் பேசு என்றார்கள். போய்யா என்று வெளியே வந்து பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். அரசியல் சட்டத்தை எழுதிக் கொடுத்தவனுக்கு, தான் ஏன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடத் தணிக்கை.

அந்த அறிக்கையின் முதல் குற்றச்சாட்டைப் பாருங்கள். மந்திரிசபைக்குள் எல்லா முக்கிய விஷயத்துக்கும் குழுக்கள் இருந்தன. வெளியுறவுக் குழுவில் அவர் இல்லை. பாதுகாப்புக் குழுவிலும் இல்லை. பொருளாதாரம் படித்து லண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் வாங்கியவரைப் பொருளாதாரக் குழுவில்கூட நேரு வெளியில் வைத்தார். எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் சேர்த்தார்கள். மற்ற மந்திரிகள் இரண்டு மூன்று இலாகாக்களைச் சுமந்து திணறினார்கள், எனக்கோ சட்டத்துறை ஒன்றே ஒன்று, வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். குழுக்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் முடிவெடுக்கும், மந்திரிசபை அதைப் பதிவு செய்து வைக்கும் அலுவலகம் என்பது அவர் சொன்னதன் சாரம். 1947 முதல் 1964-இல் சாகும்வரை வெளியுறவுத் துறையை நேரு வேறு யாருக்கும் விட்டுத்தந்ததில்லை என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கருவறையில் பூசாரி ஒருத்தர்தான்.

அடுத்து கணக்குக்கு வருகிறார். ஆண்டு வருமானம் 350 கோடி ரூபாய். அதில் ராணுவத்துக்குப் போவது ஏறத்தாழ 180 கோடி. பாதிக்கு மேல்! இது எங்கிருந்து வந்தது? நமக்கு நண்பர்களே இல்லாமல் போனதால் வந்தது, வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு என்கிறார். பட்டினி கிடக்கும் மக்களுக்குத் தானியம் கிடைக்காமல் அல்லாடுவதும், தொழில் வளர்ச்சிக்கு உதவி கிடைக்காததும் இதே கொள்கையின் விளைவுதான் என்று சேர்த்துச் சொல்கிறார். அந்த வருஷம்தான் அமெரிக்காவிடம் தானியக் கடனுக்கு இந்தியா காத்துக் கிடந்தது. கொரியப் போரில் இந்தியா எடுத்த நிலைப்பாடு பிடிக்காத அமெரிக்க உறுப்பினர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்து ஜூனில்தான் சட்டம் நிறைவேற்றினார்கள். ஐ.நா.வில் பேசிய பேச்சுக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் நடுவே இருக்கும் கோட்டை அம்பேத்கர் பார்த்தார். அந்த வரிசையின் கடைசியில் யார் நின்றார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அமெரிக்கா பக்கம் சாய்ந்தது எனக்கு உடன்பாடில்லை. தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியவனை நண்பன் என்று எப்படி எடுத்துக்கொள்வது? பிற்பாடு வியத்நாமில் அவர்கள் செய்ததை அவர் இருந்து பார்க்கவில்லை. ஆனால் உடன்பாடின்மை வேறு, 'அமெரிக்க அடிவருடி' என்று ஒரு வார்த்தையில் அவரைக் குப்பையில் போட்ட இடதுசாரிகளின் செய்கை வேறு. 180 கோடி கணக்குக்கு அவர்கள் பதில் சொன்னார்களா? கிடையாது. முத்திரை குத்தியாச்சு, வேலை முடிஞ்சுது.

இப்போது இந்தப் பக்கம் வருவோம். காவிக்காரர்களுக்கு இந்த அறிக்கை என்றால் கொள்ளைப் பிரியம். நேருவைத் திட்டியிருக்கிறார் அல்லவா! கத்தரிக்கோலோடு வருகிறார்கள். பிரதமரின் முழுக் கவனமும் முஸ்லிம்களைப் பாதுகாப்பதிலேயே போகிறது என்று அம்பேத்கர் எழுதிய வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முஸ்லிம்களுக்குத் தேவைப்படும்போதெல்லாம் முழுப் பாதுகாப்பும் தர வேண்டும் என்பதில் தான் பிரதமருக்குக்கூடச் சளைத்தவன் இல்லை என்று அதே இடத்தில் இருப்பது அவர்கள் கண்ணில் படாது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், கிறித்தவர் இவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு வேண்டாமா என்பதல்லவா அவர் கேள்வி! பழங்குடியையும் கிறித்தவரையும் இன்று யார் விரட்டுகிறார்கள் என்று அந்தக் கத்தரிக்கோல்காரர்களைக் கேளுங்கள்.

காஷ்மீர் விஷயம் இன்னும் வேடிக்கை. 2019 ஆகஸ்டில் 370-ஆவது பிரிவைச் செல்லாக்காசாக்கியபோது, அம்பேத்கர் ஷேக் அப்துல்லாவைப் பார்த்துச் சொன்னதாக ஒரு வீர வசனம் நாடெங்கும் ஒலித்தது. இந்தியா உன் எல்லையைக் காக்கணும், சோறு போடணும், ஆனா இந்தியனுக்கு அங்கே உரிமை இருக்கக் கூடாதா என்கிற மாதிரி. மூலம் எங்கே என்று தேடிப் போனால் அது ஜனசங்கத் தலைவராக இருந்த பல்ராஜ் மதோக் சொன்ன கதையில் போய் முட்டி நிற்கிறது. அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் தொகுதிகளில் அப்படி ஒன்று இல்லை. பகுஜன் சமாஜ் கட்சியின் தலைமையே அம்பேத்கர் பெயரைச் சொல்லித்தான் அந்த நடவடிக்கையை ஆதரித்தது. நம்ம வீட்டுக்குள்ளேயே சரக்கு விற்றுப் போகிறது.

அவர் உண்மையில் எழுதியது என்ன? காஷ்மீரைப் பிரித்துவிடு என்றார். இந்துக்களும் பவுத்தர்களும் இருக்கும் பகுதி இந்தியாவுக்கு, முஸ்லிம் பகுதி பாகிஸ்தானுக்கு. பாகிஸ்தானோடு போவதா வேண்டாமா என்பதை அந்த முஸ்லிம்கள் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் மூன்றாகப் பிரித்து, பள்ளத்தாக்கில் மட்டும் வாக்கெடுப்பு நடத்து என்றார். இதை 370 வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டியில் போடச் சொல்லுங்கள் பார்ப்போம். இன்று ஒரு கல்லூரி மாணவன் இதைத் தன் சொந்தப் பேச்சாக மேடையில் பேசினால் வழக்கு பாயும். அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டவனே புகார் கொடுப்பான்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இரண்டு தரப்பும் சொல்வதில்லை. காஷ்மீருக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், கிழக்கு வங்கத்து மக்கள் படும் பாட்டை யார் பார்ப்பது, அதுதான் உண்மையான பிரச்சினை என்பது அவர் வாதம். கிழக்கு வங்கத்து மக்கள் என்றால் யார்? காசும் படிப்பும் இருந்த மேல்சாதியினர் பெரும்பாலும் முதலிலேயே கிளம்பிக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார்கள். நிலத்தை நம்பிக் கிடந்தவர்கள் நாமசூத்திரர்கள். சேற்றிலும் ஆற்றிலும் உழைத்த தீண்டப்படாத மக்கள். அவர்களில் ஒருவரான ஜோகேந்திரநாத் மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். 1950 கலவரங்களைப் பார்த்து, அந்த அக்டோபரில் பதவியை எறிந்துவிட்டு இந்தியா வந்து சேர்ந்தார். ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு நாட்டுச் சட்ட அமைச்சர்களும், இரண்டு பேருமே தலித்துகள், விலகுகிறார்கள். இதை நம் வரலாற்றுப் பேராசிரியர்கள் ஒரு விநோத ஒற்றுமையாகக்கூடக் குறிப்பதில்லை.

அகதியாக வந்த அந்த மக்களை என்ன செய்தார்கள்? தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். மேற்கு வங்கத்திலேயே குடியமர்த்து என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது இடதுசாரிகள் முழங்கினார்கள். 1977-இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்த முழக்கத்தை நம்பி 1978-இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திரும்பி வந்து, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி தீவில் குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன் பிடித்தார்கள். 1979 ஜனவரியில் தீவைச் சுற்றிப் போலீஸ் படகுகள். சோறு போகவில்லை, குடிதண்ணீர் போகவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எத்தனை உயிர் போனது என்று அரசு சொன்ன எண்ணை உயிர் தப்பியவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. காவிக்கட்சி, 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதே மக்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து காட்டியது, முஸ்லிம்களை விலக்குவதற்கு ஒரு சாக்காக. 1979-இல் சுமை, 2019-இல் கேடயம்.

போரில் நமக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். மகர்கள் வெள்ளைக்காரன் படையில் இருந்தார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார். 1890-களில் 'போர்க்குணச் சாதி' என்றொரு தத்துவம் பேசி மகர்களுக்குப் படைக்கதவை மூடினார்கள். முதல் உலகப்போரில் ஆள் பற்றாமல் 1917-இல் ஒரு மகர் படைப்பிரிவைத் திரட்டினார்கள். போர் முடிந்து கொஞ்ச காலத்தில் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது, 1941-இல் மறுபடி மகர் படை. தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் தீண்டப்படாதவன்.

இதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால்தான் 1940-இல் பாகிஸ்தான் கோரிக்கை பற்றி நூல் எழுதும்போது அவர் வேதத்தையோ தேசபக்தியையோ எடுத்துப் பேசவில்லை. வரி எந்த மாகாணத்திலிருந்து எவ்வளவு, படையில் ஆள் எந்த மாகாணத்திலிருந்து, எந்தச் சமூகத்திலிருந்து என்று அட்டவணை போட்டார். 1930-க்குப் பிந்திய கணக்கைத் தர அரசு மறுத்ததையும் எழுதி வைத்தார். அந்த நூலில் முஸ்லிம் சிப்பாய்கள் மேல் அவர் வைக்கும் சந்தேகம் நமக்கு உறுத்துகிறது. உறுத்தட்டும், அதை மறைத்துப் பேச நாம் பஜனை கோஷ்டி இல்லையே. ஆனால் பணம் யாருடையது, உடம்பு யாருடையது என்று முதலில் கேட்கிற அந்த முறை இருக்கிறதே, அது நம் முறை. போரைப் பற்றி வாய்கிழியப் பேசுகிற எந்தக் கட்சியும் அந்தக் கேள்வியை ரசிப்பதில்லை.

1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் மறுபடி எழுந்தார். ஏப்ரலில்தான் சீனாவோடு திபெத் ஒப்பந்தம் முடிந்து, பஞ்சசீலம் பஞ்சசீலம் என்று நாடே பஜனை பாடிக்கொண்டிருந்தது. பஞ்சசீலம் பவுத்தச் சொல், அதைச் சீனா மதிக்கிறதென்றால் தன் நாட்டுப் பவுத்தர்களை ஏன் அப்படி நடத்துகிறது என்று கேட்டார். லாசாவைச் சீனா எடுத்துக்கொள்ள விட்டதன் மூலம் அவன் எல்லையை நம் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள் என்றார். 1962-இல் என்ன நடந்தது என்று தெரியும். 'பார்த்தியா, அன்னைக்கே சொன்னாரு' என்று நான் மார்தட்ட வரவில்லை. சொன்னது ஒரு தலித் தலைவர் என்பதால் அது வெளியுறவுக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை, நேரு மேல் இருந்த சொந்தக் கசப்பாக எழுதித் தள்ளப்பட்டது. பார்ப்பனர் பேசினால் ராஜதந்திரம், நாம் பேசினால் பொறாமையா?

இப்போது நம் இளைஞர்களிடம் ஒரு சண்டை. எல்லையில் குண்டு வெடித்தால் ஒருத்தன் இந்தக் கட்சி சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான். இன்னொருத்தன் அந்தக் கட்சி சொன்னதை. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேர் ஒருத்தனை ஒருத்தன் துரோகி என்கிறான், சங்கி என்கிறான். நேற்றுவரை சாதிச்சான்றிதழுக்கு ஒன்றாக அலைந்தவர்கள். ஆட்சியில் இருக்கும்போது போரை ஆதரிப்பதும் எதிர்க்கட்சி ஆனதும் கணக்குக் கேட்பதும் அந்தக் கட்சிகளுக்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு நம் தொண்டைத்தண்ணி ஏன் வற்ற வேண்டும்?

180 கோடி இன்று என்ன ஆகியிருக்கிறது என்பீர்கள். விகிதம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2024-25 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6 லட்சம் கோடிக்கு மேல், மொத்தச் செலவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டில் ஒரு பங்கை வாதிட்டு முடிவு செய்த அறையில் நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1951-இல் அவர் கேட்டது அதைத்தானே.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. ராஜினாமா அறிக்கை பெரிய புத்தகம் இல்லை, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். வாசகர் வட்டத்தில் முதல் பத்தியிலிருந்து கடைசிவரை, வெட்டாமல் வாசியுங்கள். அடுத்த தடவை எவனாவது வந்து போர் வேணுமா வேணாமா, நீ எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தால், 180 கோடி வருகிற பக்கத்தை எடுத்து அவன் முன்னால் வையுங்கள். அவன் எந்தக் கட்சி என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.