இன்டரப்டை அணைக்க யாருக்கு உரிமை?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை தெரியுமா? எந்த இடத்தில் யார் எப்போது வலை போடணும்னு ஊர் கூடி முறை வைக்கும். முறை முடிஞ்சா விலகணும்.

புராசஸரில் முறை மாற்றுவது டைமர் இன்டரப்ட். அதை நிறுத்த உங்க புரோகிராம் இன்டெல் சிப்பில் 'சிஎல்ஐ' போட்டா, சிப் செய்யாது. ஃபால்ட் எழுப்பும், லினக்ஸ் புரோகிராமையே முடிச்சிடும். 'ஐஓபிஎல்' என்ற சந்தையும் 2020-இல் வந்த லினக்ஸ் 5.5 அடைச்சிடுச்சு. ஐஐடி மெட்ராஸின் சக்தி சி-கிளாஸும் யூசர் மோடில் அந்த பிட்டைத் தொட விடாது.

ஆனா நம்ம லேபில்? ஆர்டுயினோ ஊனோ மட்டும்தான். அதுக்கு யூசர் மோடே கிடையாது. இன்டரப்டை அணைச்சு மறந்தா 'மில்லிஸ்' நின்னுடும், கேட்க ஆளில்லை. இதை மட்டுமே வச்சுப் படிச்சா கெர்னல் எதுக்குன்னு எப்படிப் புரியும்? அடுத்த செமஸ்டருக்கு லினக்ஸ் ஓடுற ஒரு ரிஸ்க்-வி போர்டாவது கேளுங்க.